ஜல்லிக்கரண்டியும் புது நட்சத்திரமும்

தொலைநோக்கி என்றால் அதில் கண்ணாடி வில்லை இருக்கும் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. இந்த நம்பிக்கையை இனியும் வளரவிடுவது மனித குலத்துக்கு நல்லதல்ல. கடின எக்ஸ் கதிர் வில்லைக்கு வளையாது, ஊடுருவிப் போய்விடும். ஆகவே நம் விண்மீன் மண்டலத்தில் அக்கதிர் வீசும் இடங்களைக் கணக்கெடுக்க விண்ணுக்கு அனுப்பிய ஒரு தொலைநோக்கியின் முகப்பில், ஓட்டைகள் போட்ட கனத்த உலோகத் தகட்டைப் பொருத்தினார்கள். கதிர் பட்டால் தகட்டின் நிழல் அடியில் விழும். நிழலை வைத்து நட்சத்திரம் எங்கே என்று கணக்குப் போட வேண்டும்.

கோமதிநாயகம் தொலைபேசித் துறையில் ஓய்வு பெற்றபின் இந்தக் கணக்கைக் கற்க வந்தவர். அவருடைய வழிகாட்டி பேராசிரியர் ஜெபசெல்விக்கு அவர் மகள் வயது. இவர் அவரை மேடம் என்பார். அவர் இவரை சார் என்பார். இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை.

ஒருநாள் காலை கேன்டீனில் கோமதிநாயகம் மடிக்கணினியைத் திறந்து காட்டினார். எல்லோருக்கும் தெரிந்த பிரகாசமான நட்சத்திரம் ஒன்று. பக்கத்தில் மங்கலாக இன்னொரு புள்ளி.

“இது புதுசு, மேடம். யாரும் பார்க்காதது. இன்னிக்கே ஆய்வேட்டை அனுப்பிடுறேன். ‘பென்ஷன் வாங்குற வயசுல பரீட்சையா’ன்னு கேக்குற மாப்பிள்ளை வாயை அடைக்க இது ஒண்ணு போதும்.”

“தொலைநோக்கியை எப்படியெல்லாம் திருப்பி எடுத்த படங்களைச் சேர்த்தீங்க?”

“ஒரே வாக்குல வச்சு எடுத்ததை மட்டுந்தான். மத்ததைச் சேர்த்தா புள்ளி கலைஞ்சுபோகுது. அழுக்குன்னு தள்ளிட்டேன்.”

ஜெபசெல்வி எழுந்து, வடை சுட்டுக்கொண்டிருந்தவரிடம் போனார்.

“சாகுல் அண்ணே, அந்த ஜல்லிக்கரண்டியைக் குடுங்க.”

“வடை சட்டியில கிடக்கு, மேடம்!”

“தீயைக் குறைங்க.”

ஜன்னல் வெயிலில் கரண்டியைப் பிடித்தார். அதன் ஓட்டைகள் வழியே மேசையில் ஒளிப்பொட்டுகள் விழுந்தன.

“இதுல சூரியன் எது, சார்?”

“எதுவும் இல்லை. சூரியன் மேல இருக்கு.”

ஜெபசெல்வி கரண்டியைத் திருப்பினார். பொட்டுகள் சுற்றின.

“சூரியன் சுத்துச்சா?”

“இல்லை.”

“உங்க புது நட்சத்திரம்?”

பிரகாசமான ஒன்றின் நிழல் கணக்கில் சறுக்கி, இல்லாத இடத்தில் புள்ளியாய் முளைப்பதுண்டு. துறையில் அதைப் பேய் என்பார்கள். கோமதிநாயகத்துக்கும் அது தெரியும். டீயில் ஆடை படிந்தது.

“பேயா இருந்தா என் ஆய்வேட்டுல புதுசா ஒண்ணுமே இருக்காது, மேடம்.”

“ஆமா.”

கோமதிநாயகம் கணினியை மூடினார்.

“கரண்டி கொஞ்ச நாள் எங்கிட்ட இருக்கட்டும்” என்று அதையும் எடுத்துக்கொண்டு போனார்.

தள்ளிவிட்ட படங்களை ஒவ்வொன்றாக எடுத்தார். தொலைநோக்கி திரும்பிய போதெல்லாம் புள்ளியும் பெரிய நட்சத்திரத்தைச் சுற்றி நகர்ந்தது. பேயேதான். அவர் நிறுத்தவில்லை. பெரிய நட்சத்திரத்தின் நிழலைக் கணக்கிலிருந்து கழித்தார், அடுத்த படத்தைச் சேர்த்தார், மறுபடி கழித்தார். கடைசிப் படமும் சேர்ந்தபோது அந்த இடம் துடைத்துவிட்டதுபோல் இருண்டிருந்தது.

“போயிட்டுது, மேடம். அங்க ஒண்ணுமே இல்லை.”

“எவ்வளவு மங்கலா ஒண்ணு இருந்திருந்தா உங்ககிட்ட மாட்டியிருக்கும்?”

சொன்னார். அந்த அளவு மங்கல்வரை அங்கே யாரும் தேடியதில்லை.

“அப்போ அங்க ஒண்ணும் இல்லைன்னு இதுவரைக்கும் யாருக்கும் தெரியாது, சார். அதை எழுதுங்க.”

அந்த மாதம் முழுவதும் சாகுல் வடையைக் குழம்புக் கரண்டியால் அள்ளினார். இலையெல்லாம் எண்ணெய்.