முத்திரை ஓலையும் வெள்ளைக் குதிரையும்

வேலங்குடி நாட்டுப் படையில் ஆயிரம் வீரர்கள் இருந்தார்கள். எதிரிதான் ஒருத்தனும் கிடையாது. சண்டை இல்லாத தளபதிக்குப் பொழுது போக வேண்டாமா? சூரப்பராயர் உட்கார்ந்து ஒழுங்கு விதி எழுதினார். ஒன்றா இரண்டா, நாற்பது விதி! மன்னர் கோப்பெருமாளும் படித்துப் பார்க்காமலே சம்மதம் என்று சொல்லிவிட்டார்.

ஒன்பதாம் விதி: அணியில் நிற்பவன் தளபதியின் முத்திரை ஓலை இல்லாமல் அசையக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது. பதினேழாம் விதி: முத்திரை ஓலை இல்லாமல் முரசைத் தொட்டவனுக்கு மொட்டையடித்து நாட்டை விட்டுத் துரத்த வேண்டும்.

அந்தப் பதினேழாம் விதியில்தான் மாட்டிக்கொண்டான் முரசு அடிக்கும் வேம்பன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் கோட்டை மேலிருந்து பார்க்கிறான், ஏரிக்கரை உடைகிறது! தளபதியோ எண்ணெய்க் குளியலில் இருக்கிறார். வேம்பன் யோசிக்கவே இல்லை. முரசை அடி அடியென்று அடித்தான். வீரர்கள் ஓடிப்போய்க் கரையை அடைத்தார்கள். நாலு ஊர்ப் பயிர் பிழைத்தது. ஆனால் தலையில் சீயக்காயோடு ஓடிவந்த தளபதியை ஆயிரம் பேரும் பார்த்துவிட்டார்களே! அதை அவரால் பொறுக்க முடியவில்லை.

"இவன் விதியை மீறிவிட்டான், மகாராஜா. மொட்டையடித்துத் துரத்த வேண்டும்" என்று சபையில் குதித்தார்.

"ஐயா, என் வீட்டுக்காரிக்கு இது ஒன்பதாம் மாசம். அவளை இழுத்துக்கொண்டு எங்கே போவேன்?" என்று வேம்பன் அழுதான்.

மன்னருக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் சம்மதம் சொன்னவர் அவர்தானே! பக்கத்தில் நின்ற அமைச்சர் சொக்கேசனைப் பாவமாகப் பார்த்தார்.

சொக்கேசனுக்குக் கோபம் வந்தது. பயிரைக் காப்பாற்றியவனுக்கு மொட்டையா? ஆனாலும் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"தண்டனை கொடுக்கத்தான் வேண்டும், மகாராஜா" என்றார். வேம்பன் திடுக்கிட்டான். "ஆனால் அதற்கு முன்னால் தளபதியாரின் விதிகள் எப்படி வேலை செய்கின்றன என்று தாங்கள் கண்ணால் பார்க்க வேண்டாமா? நாளைக் காலையில் அணிவகுப்பு வைக்கலாம். எல்லாம் விதிப்படி, இம்மி பிசகாமல். வேம்பன் கடைசியாக ஒருமுறை முரசு அடித்துவிட்டுப் போகட்டும்."

தளபதிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "அப்படிச் சொல்லும், அமைச்சரே!" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வேலங்குடிக் குதிரைகள் கடிவாளத்தை மதிக்காதவை. குட்டியிலிருந்தே முரசுக்குப் பழக்கியவை. மூன்று தட்டு தட்டினால் ஓடும். நீளமாக ஓர் உருட்டு உருட்டினால் நிற்கும். நடுவில் யார் இழுத்தாலும் நிற்காது.

மறுநாள் காலை. மைதானத்தில் ஆயிரம் வீரர்களும் ஆடாமல் அசையாமல் நின்றார்கள். தளபதி ஓலையில் 'மூன்று தட்டு' என்று எழுதி, முத்திரை குத்தி, வேம்பனிடம் கொடுத்துவிட்டுத் தம் வெள்ளைக் குதிரையில் ஏறினார்.

"தளபதியாரே, இந்த ஓர் ஓலை போதுமா?" என்று கேட்டார் சொக்கேசன்.

"போதும் போதும், வழியை விடும்!"

வேம்பன் மூன்று தட்டு தட்டினான். குதிரை பறந்தது. ஒரு சுற்று வந்தது. மன்னர் கைதட்டினார். இரண்டாவது சுற்று. தளபதி கம்பீரமாகச் சிரித்தார். மூன்றாவது சுற்றில் சிரிப்பைக் காணோம். நாலாவது சுற்றில் தலைப்பாகையையும் காணோம்.

"நிறுத்துடா! உருட்டுடா முரசை!"

வேம்பன் குச்சியைத் தூக்கினான். சொக்கேசன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "அவசரப்படாதே, வேம்பா. பதினேழாம் விதி. வாயால் சொன்னால் செல்லாது. தளபதியாரே, ஓலை எழுதுங்கள்!"

பாவம், தளபதி ஓடுகிற குதிரையில் இடுப்பிலிருந்து ஓலையை எடுத்தார். அது காற்றில் பறந்தது. எழுத்தாணியை எடுத்தார். அது தொடையில் குத்தியது. "ஐயோ அம்மா!" என்று ஒரு சத்தம். வீரர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள்.

"நான் சொல்லட்டுமா?" என்றார் மன்னர்.

"தளபதியாரின் ஓலைதான் செல்லும் என்று சம்மதித்தது தாங்கள்தானே, மகாராஜா?"

அதற்குள் குதிரை மிரண்டு, மைதானத்து ஓரக் குளத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டது. அங்கே செங்குத்தான கல்படிகள். சொக்கேசனுக்கே பகீரென்றது. கையை விட்டார். விட வேண்டிய அவசியமே இல்லை. வேம்பன் அதற்கு முன்பே உதறிக்கொண்டு முரசை உருட்டிவிட்டான்.

குதிரை முதல் படியில் சட்டென்று நின்றது. தளபதி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினார்.

எல்லோரும் மூச்சு விட்டதும் சொக்கேசன் கும்பிட்டார். "மகாராஜா, வேம்பன் மறுபடியும் ஓலை இல்லாமல் முரசை அடித்துவிட்டான். அன்றைக்கு ஏரி ஓலைக்காகக் காத்திருக்கவில்லை, இன்றைக்குக் குதிரை காத்திருக்கவில்லை. ஆனாலும் விதி விதிதான். தண்டனை ஓலையில் தளபதியார் முத்திரை குத்த வேண்டியதுதான் பாக்கி."

தளபதி கீழே இறங்கினார். வேம்பனைப் பார்த்தார். தன்னைத் துரத்தப்போகிறவரையே காப்பாற்றியவன், முரசுக் குச்சியோடு நிற்கிறான். தளபதிக்குக் கண் கலங்கிவிட்டது. இடுப்பிலிருந்த முத்திரையை எடுத்தார். எல்லோரும் பார்க்க, குளத்துக்குள் வீசினார்.

"குதிரை ஓடிய ஓட்டத்தில் முத்திரை எங்கேயோ விழுந்துவிட்டது, மகாராஜா!" என்றார்.

மன்னர் சிரிப்பை அடக்கிக்கொண்டு படையைப் பார்த்தார். "அப்படியா? முத்திரை எங்கே போயிற்று என்று உங்களில் யாராவது பார்த்தீர்களா?"

ஆயிரம் பேரும் கல்லாக நின்றார்கள். ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை.

"பார்த்தீர்களா, மகாராஜா?" என்றார் சொக்கேசன். "ஒன்பதாம் விதி மட்டும் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது!"

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வேம்பனுக்கு வீரக்கழல் கிடைத்தது. சொக்கேசனுக்கு வெள்ளைக் குதிரையைப் பரிசாகத் தருவதாகத் தளபதியே சொன்னார். "வேம்பனும் கூட வருவதானால் வாங்கிக்கொள்கிறேன்" என்றார் சொக்கேசன்.