வெகுதூரத்து நாடு

போர் நடந்துகொண்டிருந்த ஒரு நாட்டில் தணிகாசலம் என்றொரு செய்தியாளர் இருந்தார். பிறந்ததும் வளர்ந்ததும் அதன் தலைநகரில்தான். அங்கிருந்தபடியே வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றுக்கு எழுதிவந்தார். மனைவி இறந்து மனம் அலைபாய்ந்த நாட்களில், நகரத்து எல்லையில் மடம் நடத்திவந்த ஞானாம்பிகை அம்மையிடம் வந்து சேர்ந்தார். அம்மை அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் தணிகாசலம் அவரை விழுந்து வணங்கிவிட்டுத்தான் எதிரே உட்காருவார்.

அன்று முற்பகல் வந்தவர் உட்காரவில்லை. மடத்து முற்றத்தில் கஞ்சி ஊற்றும் நேரம். வரிசை வாசல் தாண்டி நீண்டிருந்தது. அம்மை அகப்பையோடு அண்டாவின் பக்கத்தில் நின்றிருந்தார். தணிகாசலம் அருகே போய்த் தாழ்ந்த குரலில் தன் சங்கடத்தைச் சொன்னார்.

சென்ற மாதம் அவர் நாட்டின் பொருளாதாரத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தார். போரிலும் நாடு தளரவில்லை என்பது அதன் சாரம். பத்திரிகை அதை முதல் பக்கத்தில் போட்டது. கடலுக்கு அப்பால் பலர் அதை எடுத்துக்காட்டிப் பேசினார்கள். கோதுமை அனுப்பிவந்த நாடு, இனி அவர்களே சமாளித்துக்கொள்வார்கள் என்று சொல்லிக் கப்பலை நிறுத்திவிட்டது. மடத்துக் கஞ்சி நீர்த்துப் போனதும் அதனால்தான்.

வேறொரு வெளிநாட்டுப் பத்திரிகையின் நிருபரோ நாடு நொறுங்கிவிட்டது என்று எழுதினார். செய்தி வானொலியில் வந்த மறுநாள் காலை வங்கி வாசல்களில் ஜனங்கள் முட்டி மோதினார்கள். கடைகள் கதவைச் சாத்தின. நெரிசலில் ஒரு முதியவர் உயிரைவிட்டார்.

இப்போது பத்திரிகை ஆசிரியர் கேட்கிறார், நாடு நிமிர்ந்து நிற்கிறதா, விழுந்துவிட்டதா என்று. மாலைக்குள் எழுதி அனுப்ப வேண்டும்.

"எதை எழுதினாலும் யாரோ ஒருவர் பட்டினி கிடக்கிறார், அம்மா. நான் எதை எழுத?"

அம்மை ஒரு பாத்திரத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அந்தக் கட்டுரை கையில் இருக்கிறதா?"

"கைப்பேசியில் இருக்கிறது."

"இவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்."

தணிகாசலம் தயங்கினார். அது வேற்று மொழியில் இருக்கிறது என்றார். நம் மொழியில் சொல்லுங்கள் என்றார் அம்மை. வேறு வழியில்லாமல் வேப்பமரத்தடியில் நின்று வாசிக்கத் தொடங்கினார். கஞ்சி வாங்கிக்கொண்டு சுற்றிலும் குந்தியிருந்தவர்கள் மரியாதையோடு கேட்டார்கள்.

ஆலைகள் இரவும் பகலும் இயங்குகின்றன. பணத்தின் மதிப்பு சரியவில்லை. ரொட்டிக் கடைகளின் அலமாரிகள் மாலையிலும் நிறைந்திருக்கின்றன. ஆண்கள் களத்துக்குப் போய்விட்டதால் ஆலைகளில் பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக அடுப்படியில் கிடந்தவர்கள் இன்று சொந்தச் சம்பளம் வாங்குகிறார்கள்.

வாசிக்க வாசிக்க அவர் குரலில் தெம்பு வந்தது. ஒவ்வொரு வரிக்காகவும் அலைந்திருக்கிறார். குண்டு விழுந்த தெருக்களில் நடந்து சேகரித்த செய்திகள் அவை.

முடித்தபோது முன்னால் இருந்த பெண் ஒருத்தி ஏதோ கேட்க வாயெடுத்தாள். பவுனம்மாள் என்று பெயர். புருஷன் மழைக்காலத்தில் களத்தில் செத்துப் போனான். அவன் வேலை பார்த்த பீரங்கிக் குண்டு ஆலையில் அவன் இடத்திலேயே இவளைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். வாங்கும் சம்பளம் கடனுக்கே போனது; ரொட்டிக் கடைப் பக்கம் அவள் போய் மாதங்கள் ஆகியிருந்தன. ஆலைச் சட்டையோடு வந்திருந்தாள். சூடுபட்ட வலது கையில் துணி சுற்றியிருந்ததால் இடது கையால் கஞ்சிக் குவளையைப் பிடித்திருந்தாள்.

"அது எந்த நாடுங்க, ஐயா?"

தணிகாசலத்துக்குச் சட்டென்று புரியவில்லை. "ஏனம்மா கேட்கிறாய்?"

"கடை நிறைய ரொட்டி இருக்குங்கிறீங்க. பொம்பளைங்க கையில சம்பளம் இருக்குங்கிறீங்க." அவள் குரலில் கேலி இல்லை. "கொடுத்து வெச்சவங்க."

பக்கத்தில் இருந்தவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அந்த நாட்டில் போர் இல்லை போலிருக்கிறது என்றார் ஒருவர்.

தணிகாசலம் அம்மையைப் பார்த்தார். அம்மை அண்டாவின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பவுனம்மாள் பதிலுக்காகக் காத்திருந்தாள். இந்த நாடுதான், அந்தப் பெண்களில் ஒருத்தி நீதான் என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை.

"ரொம்பத் தூரத்தில் இருக்கிற நாடு, அம்மா" என்றார்.

அவள் தலையசைத்துவிட்டு மிச்சக் கஞ்சியைக் குடித்தாள். ஆலைச் சங்கு ஊதியதும் எழுந்து போனாள்.

முற்றம் மெல்லக் காலியானது. கடைசியாக வந்த சிலருக்குக் கஞ்சி இல்லை; அம்மை கைகூப்பி அனுப்பிவைத்தார். தணிகாசலம் மரத்தடியை விட்டு அசையவேயில்லை. அம்மை கையைக் கழுவிக்கொண்டு வந்தபோது தணிகாசலத்தின் கண் கலங்கியிருந்தது.

"அந்தக் கட்டுரையில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, அம்மா. அவளிடம் சொன்னதுதான் நான் சொன்ன பொய்."

"இல்லை" என்றார் அம்மை. "அவளிடம் உண்மையைத்தான் சொன்னீர்கள். அந்தத் தூரத்து நாட்டிலிருந்துதான் கட்டுரையை எழுதியிருக்கிறீர்கள்."