குளிர்நிழல் யார்?

“யாரை நினைத்துப் பாடினேனோ, அவளே வந்து இன்னொருத்திக்காக என்னிடம் கல்யாணம் பேசுகிறாள். நான் என்ன செய்ய, சொல்லுங்கள்!”

எஸ்தேவ் குதிரையை விட்டு இறங்கக்கூட இல்லை. வேலிக்கு வெளியிலிருந்தே கத்தினான்.

ரிக்சேந்தா நிமிரவில்லை. முட்டைக்கோஸ் இலைகளில் நத்தை பொறுக்கிக்கொண்டிருந்தாள். முதல் நாள் நல்ல மழை. வாளியில் பாதி சேர்ந்துவிட்டது.

“இறங்கும். குதிரையைத் தள்ளிக் கட்டும். அது தின்னவா பயிர் வைத்தேன்?”

இறங்கினான். கட்டினான்.

பிரான்சின் தெற்குப் பக்கம். குன்றுக்கு ஒரு கோட்டை இருந்த காலம். எஸ்தேவ் பாட்டுக் கட்டுகிறவன். சொல்லும் அவனுடையது, மெட்டும் அவனுடையது. அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவள் ரிக்சேந்தா. வயதில் அவன்தான் மூத்தவன். தலை நரைத்தவன். பாட்டில் அவள் மூத்தவள். அவ்வளவுதான்.

“விஷயம்?”

“அசலாயிஸ் சீமாட்டி.”

“கோட்டைத் தலைவன் பெண்டாட்டி.”

“அவளுக்குத்தானே இத்தனை வருஷமாகப் பாடுகிறேன்!”

அதில் தப்பில்லை. மணமான சீமாட்டியைப் பாடுவது அந்த நாட்டு வழக்கம். பாட்டோடு சரி. ஒன்றுதான் கூடாது. பெயரைச் சொல்லக் கூடாது. சொன்னால் அவளுக்கு மானக்கேடு. அதனால் பாடுகிறவன் அவளுக்கு ஒரு மறைபெயர் வைத்துக்கொள்வான். கடைசி இரண்டு வரியில், ‘பாட்டே, அவளிடம் போ’ என்று அந்தப் பெயருக்கு அனுப்பிவைப்பான்.

எஸ்தேவ் வைத்த பெயர் குளிர்நிழல்.

கோட்டையில் சமையல்காரன் முதல் பாதிரியார் வரை எல்லோருக்கும் ஒரே கேள்வி. குளிர்நிழல் யார்?

“கண்டுபிடித்துவிட்டார்களாம்,” என்றான் எஸ்தேவ். “கிரௌதாவாம்!”

“அது யார்?”

“தலைவனின் அக்கா. புருஷன் போரில் செத்துப்போனான். சரக்கு அறையும் அதன் சாவிக்கொத்தும் அவள் பொறுப்பு. மாவு, எண்ணெய், உப்புக்கண்டம். எங்கே உப்புக்கண்டம், எங்கே குளிர்நிழல்!”

“யார் கண்டுபிடித்தது?”

“அசலாயிஸேதான். ‘நீங்களாக வாயைத் திறக்க மாட்டீர்கள் எஸ்தேவ், நானே பேசி முடித்துவிட்டேன்’ என்கிறாள். சிரித்துக்கொண்டே! நாளைக்குப் புனித யோவான் திருநாள். விருந்தில் புதுப் பாட்டுப் பாடுகிறேன். கடைசியில் குளிர்நிழல் என்று சொன்னதும் கிரௌதாவின் கையைப் பிடித்து என் கையில் வைக்கப்போகிறார்கள். சபை முன்னால்.”

“கிரௌதா என்ன சொன்னாள்?”

“சரி என்றாளாம்.”

ஒரு நத்தை வாளியில் விழுந்தது. டொக்.

“உட்காரும்.”

உட்கார்ந்தான். எழுந்தான். வேலி வரை போனான். திரும்பி வந்தான்.

“பெயரை மாற்றிப் பாடும்,” என்றாள்.

“அந்த மனுஷி சபை நடுவில் புது அங்கி போட்டுக்கொண்டு நிற்பாள். ஊரே சிரிக்கும்.”

“போகாமல் இரும்.”

“அப்போதும் சிரிக்கும்.”

“மாற்றாமல் பாடும்.”

“ஆயுசுக்கும் நானும் உப்புக்கண்டமுமா!”

“என்னிடம் என்ன வேண்டும்? சுருக்கச் சொல்லும்.”

“கடைசி இரண்டு வரி. கிரௌதாவுக்கு வலிக்கக் கூடாது. அசலாயிஸுக்கு மட்டும் விளங்க வேண்டும். உங்களை விட்டால் அதை எழுத ஆள் இல்லை.”

அவள் வாளியை அவன் பக்கம் தள்ளினாள்.

“அந்த வரிசை உமக்கு.”

“அம்மணி, இருட்டுவதற்குள் நான் திரும்ப வேண்டும்!”

“நத்தையும் தப்பித்துப் போகத்தான் பார்க்கிறது. குனியும்.”

குனிந்தான். பட்டுச் சட்டையில் சேறு தெறித்தது. வாய்க்குள் என்னவோ திட்டினான்.

“சீமாட்டிக்கு விளங்க வேண்டுமானால் சீமாட்டியைப் பற்றி எனக்குத் தெரிய வேண்டும். நீர் பாடும்போது அவள் என்ன செய்வாள்?”

“பேசுவாள்.”

“யாரோடு?”

“விருந்தாளிகளோடு. அவள் வீட்டு விருந்து, அவள் கவனிக்க வேண்டாமா?”

“உமது பாட்டில் எந்த வரி அவளுக்குப் பிடிக்கும்?”

யோசித்தான். “எல்லாமே நன்றாயிருக்கிறது என்பாள்.”

“ஒரு வரியாவது திருப்பிச் சொன்னதுண்டா?”

“சீமாட்டிகள் அதெல்லாம் செய்வார்களா?”

டொக்.

“கிரௌதா?”

“அவள் தொந்தரவை ஏன் கேட்கிறீர்கள்! ஈஸ்டர் விருந்து முடிந்து இறங்குகிறேன். படிக்கட்டில் மறித்துக்கொண்டாள். ‘உமக்குக் காய்ச்சலா? மூன்றாம் அடியில் மூச்சு இழுத்ததே’ என்கிறாள். கையெல்லாம் மாவு.”

“காய்ச்சலா?”

“ஆமாம்.”

“யாரிடமாவது சொல்லியிருந்தீரா?”

“இல்லை.” ஒரு நத்தையைப் பிய்த்தான். “கஞ்சி வேறு கொடுத்தனுப்பினாள். உப்பு அதிகம்.”

“குடித்தீரா?”

“குடித்தேன். அதற்கென்ன? நான் கடைசி வரி கேட்டு வந்தால் நீங்கள் கஞ்சிக் கதை கேட்கிறீர்கள்!”

“சரி. புதுப் பாட்டைப் பாடும். கேட்டால்தானே முடிக்கலாம்.”

“இப்போதா? இந்தச் சேற்றிலா?”

“குரலுக்குச் சேறு ஒட்டாது.”

நிமிர்ந்து நின்று பாடினான். மனுஷன் தொல்லைதான், ஆனால் பாட வரும். வெயில் போன பிறகும் கல்லில் தங்குகிற சூட்டைப் பற்றிய பாட்டு. மெட்டு எங்கும் உட்காரவில்லை. ஏறியது, இறங்கியது, இடம் தேடியது. ரிக்சேந்தா பொறுக்குவதை நிறுத்தவில்லை. ஆனால் மெதுவாகப் பொறுக்கினாள்.

பாடி முடித்தான். கடைசி இரண்டு வரி மட்டும் பாக்கி.

முடித்தவன் அசையவில்லை. தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றான்.

“என்ன அது?” என்றாள்.

“எது?”

“காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறீரே.”

“ஓ, அதுவா. பழக்கம். பாட்டு தேறியதா இல்லையா என்று பார்க்கிறது.”

“கைதட்டுகிறார்களா என்றா?”

“சே! கறி வெந்திருந்தாலும் தட்டுவான்கள், அவன்களுக்கென்ன தெரியும்? கைதட்டலுக்கு முன்னால் ஒரு சத்தம் வரும். சாவிக்கொத்துச் சத்தம். அதுதான் எனக்குக் கணக்கு.”

“விளங்கும்படி சொல்லும்.”

“பாட்டு முடிகிற வரை சாவிக்கொத்தைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். கிலுங்கிவிடக் கூடாதே என்று. பாட்டு சுமார் என்றால் முடிந்ததும் விட்டுவிடுவாள். நல்ல பாட்டு என்றால் விட மறந்துபோவாள். அந்தச் சத்தம் எவ்வளவுக்கு எவ்வளவு தாமதமாக வருகிறதோ அவ்வளவுக்கு நல்ல பாட்டு. போன அறுவடை விருந்தில் வரவே இல்லை. எல்லோரும் தட்டி முடித்து, ஊற்றிக் குடித்து, அப்புறம்தான்... அன்றைக்கு நான் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, அம்மணி, அவ்வளவு சந்தோஷம்—”

நின்றான்.

ரிக்சேந்தா அடுத்த இலையைப் புரட்டினாள். அடியில் ஒரு பெரிய நத்தை. அதை எடுத்து வாளியில் போட்டாள். இன்னும் ஒன்று. அதையும் போட்டாள்.

“கடைசி இரண்டு வரி கேட்டீரே,” என்றாள்.



நிமிர்ந்தாள். குதிரை கட்டிய இடம் காலி. கோட்டைக்குப் போகும் மலைப்பாதையில் குளம்புச் சத்தம் மட்டும் கேட்டது.