அழுகைப் பாட்டு

பாளையங்கோட்டையில் கிட்டார் சொல்லிக்கொடுக்கும் ஜெனிட்டாவுக்கு இருபத்தாறு வயது. அவளிடம் படிக்கிறவர்களில் ராஜகனிக்கு மட்டும் ஐம்பத்து நாலு. இரும்புக்கடை முதலாளி. ஆசைப்பட்டு வந்தவரில்லை, மகளுக்காக வந்தவர்.

நாலு வருஷம் பழகின பையன் கைவிட்டதிலிருந்து மகள் மதிவதனி அறையை விட்டு வெளியே வருவதில்லை. சாப்பாட்டுத் தட்டு வாசலிலேயே ஆறிக் கிடக்கும். உள்ளே ஓயாமல் ஒரே பாட்டு. எவனோ ஒருத்தன் ஒற்றைக் கிட்டாரை வைத்துக்கொண்டு, விட்டுப்போனவளை நினைத்துத் தொண்டை கம்மப் பாடுகிறான். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்துவிடுவோமோ என்று ராஜகனி பயந்துபோனார். எல்லாம் அந்தப் பாட்டால் வந்த வினை என்று முடிவுகட்டினார். பாட்டைப் பாட்டாலேயே விரட்டுவதாக, ஒரு குதூகலப் பாட்டை மூன்று வாரம் மாங்கு மாங்கென்று பழகினார்.

அன்று காலை வகுப்புக்கு வந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது.

"வாசிச்சியளா அண்ணாச்சி?"

"கதவுக்கு வெளிய நின்னு வாசிச்சேன். பாதியிலேயே உள்ள தாழ்ப்பாள் போட்டுட்டா டீச்சர். இன்னைக்கு அந்த ஸ்பீக்கரைத் தூக்கிப் போட்டு உடைக்கத்தான் போறேன். அழுற பிள்ளைக்கு அழுகைப் பாட்டு எதுக்கு?"

"இடது கையைக் காட்டுங்க" என்றாள் ஜெனிட்டா.

கம்பி அழுத்தி அழுத்தி விரல்நுனி நாலும் கன்றிப்போயிருந்தன.

"வலிக்கா?"

"உயிர் போகுது."

"அது ஒண்ணுமில்ல. சரியாப் போயிரும்."

ராஜகனிக்குச் சுருக்கென்றது. "உங்களுக்கென்ன, லேசாச் சொல்லிட்டிய" என்று கையை இழுத்துக்கொண்டார்.

அவள் தன் இடது கையை நீட்டினாள். நுனிகள் உரிந்து உரிந்து காய்த்துத் தடித்திருந்தன.

"முதல் மாசம் எனக்குச் சோப்புத் தண்ணி பட்டாலே கண்ணு கலங்கிரும். தலை பின்ன முடியாது. குளிக்கப் போன இடத்துல நின்னு அழுதிருக்கேன்."

"ஆமா டீச்சர், அந்தச் சோப்புத் தண்ணி!" அவர் கை தானாக மறுபடி நீண்டது. "நேத்து சட்டைப் பித்தான் போட முடியல. வீட்டுல சொன்னா சிரிக்காங்க..."

யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தார். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். அவர் ஓய்ந்ததும் கேட்டாள்.

"மதிவதனிகிட்ட நீங்க என்ன சொன்னிய?"

"வேற என்னத்தச் சொல்ல? அவன் கிடக்கான் விடு, எல்லாம் சரியாப் போயிரும்னுதான் தினமும் சொல்லுதேன்."

"அந்தப் பாட்டுக்காரன் என்ன சொல்லுதான்?"

"அவனுக்கே ஒண்ணும் சரியாகல. எனக்கும் உறக்கமில்ல, எனக்கும் சோறு இறங்கலன்னு அழுதுக்கிட்டு இருக்கான்."

"இத்தனை நாளும் அவ அறைக்குள்ள விட்டது யாரை, அண்ணாச்சி?"