மீன் காட்டும் பெட்டி

தூத்துக்குடிக் கடற்கரையில் கயாக் ஓட்டக் கற்றுக்கொடுத்துவந்த ரெக்சலினுக்கு வயது முப்பத்தெட்டு. அவரிடம் கற்றுக்கொண்ட கஸ்பாருக்கு அறுபத்தொன்று. மகள் வயதுப் பெண்ணைக் கஸ்பார் ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மற்ற எல்லோரையும் போல "மாஸ்டர்" என்றுதான் கூப்பிட்டார்.

கஸ்பார் முப்பது வருஷம் விசைப்படகு ஓட்டியவர். நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசியில், கரையே தெரியாத தூரத்தில், அவர் ஓட்டிய படகின் அடிப்பலகை பிளந்தது. அரைமணி நேரத்தில் படகு முங்கிவிட்டது. கூட இருந்த ஐந்து பேரையும் பக்கத்தில் தொழில் செய்த படகு இருட்டுவதற்குள் ஏற்றிக்கொண்டது. கஸ்பாரை மட்டும் நீரோட்டம் இழுத்துப் போனது. காலி டீசல் கேன் ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி ஒரு ராத்திரியும் மறுநாள் மத்தியானம் வரையிலும் கிடந்தார்.

அப்புறம் ஒரு வள்ளம் வந்தது.

அந்த வள்ளத்தைப் பற்றி அவருக்கு நினைவிருந்தது கொஞ்சம்தான். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர். தலையைத் துவட்டிய ஒரு துண்டு. "மெதுவா, மெதுவா" என்று சொன்ன ஒரு குரல். முகங்கள் ஒன்றும் நினைவில் நிற்கவில்லை. நடுக்கடலிலேயே அவரைத் தூத்துக்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு படகில் மாற்றி ஏற்றிவிட்டார்கள். கண் விழித்தபோது ஆஸ்பத்திரியில் இருந்தார். தலைமாட்டில் அந்தத் துண்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது.

தன்னைக் கரை சேர்த்த படகுக்காரர்களைத் தேடிப் போய்க் கேட்டார்.

"அந்த வள்ளத்துக்காரவிய யாரு? எந்த ஊரு?"

"கேட்டோம் அண்ணாச்சி. சத்தம் போட்டுக்கூடக் கேட்டோம். கையை மட்டும் ஆட்டிட்டுத் திரும்பிட்டாவ."

அதிலிருந்து சனிக்கிழமைதோறும் கஸ்பார் பஸ் ஏறினார். வேம்பாருக்குப் போனார். மணப்பாட்டுக்குப் போனார். கீழக்கரை வரைக்கும் போனார். கரையில் வள்ளம் தள்ளுகிறவர்களிடம் துண்டைக் காட்டிக் கேட்டார். சந்தையில் எங்கே பார்த்தாலும் கிடைக்கிற ஊதாக்கரைத் துண்டு அது. யாரால் அடையாளம் சொல்ல முடியும்?

"இன்னும் எத்தனை ஊருக்குத்தான் போவிய?" என்று மனைவி அமலி கேட்பாள். "அவியளே மறந்திருப்பாவ."

கஸ்பாருக்கு மறக்கவில்லை. மறக்காததோடு, உள்ளே ஒரு முள்ளும் கிடந்தது. அதை அவர் அமலியிடம்கூடச் சொன்னதில்லை.

விபத்துக்குப் பிறகு இரண்டு வருஷம் அவர் கடலில் கால்கூட நனைக்கவில்லை. ஒரு நாள் காலையில் கரையோரமாக நடந்துகொண்டிருந்தபோதுதான் மாஸ்டர் நாலைந்து பேருக்குத் துடுப்புப் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்தார். நின்று பார்த்தார். மறுநாளும் வந்து நின்றார். மூன்றாம் நாள் மாஸ்டர் அவரிடம் வந்தார்.

"ஏறுதியளா அண்ணாச்சி?"

"எனக்குப் பயம்."

"நல்லது. ஏறுங்க, முதல்ல விழப் படிப்போம்."

இடுப்பளவு தண்ணீரில் மாஸ்டர் கயாக்கைக் கவிழ்த்தார். கஸ்பார் விழுந்தார். ஏறினார். மாஸ்டர் மறுபடியும் கவிழ்த்தார். பதினேழு நாள் வேறு பாடமே இல்லை. பதினெட்டாம் நாள் விழுந்து எழுந்தவர் வாய்விட்டுச் சிரித்தார். இரண்டு வருஷத்தில் முதல் சிரிப்பு அது. அன்றைக்குத்தான் மாஸ்டர் அவர் கையில் துடுப்பைக் கொடுத்தார்.

அதன்பின் சொந்தமாக ஒரு பழைய கயாக் வாங்கி, தூண்டில் போடவும் தொடங்கிவிட்டார். கடல் தன்னிடம் திரும்பி வந்துவிட்டது என்று அவருக்குத் தோன்றியது. அதைக் கொண்டுவந்து கொடுத்த மனுஷிக்கு ஏதாவது செய்யாமல் இருக்க முடியவில்லை.

அப்படித்தான் ஒரு வியாழக்கிழமை காலையில், மாஸ்டரின் தகரக் கொட்டகைக்கு ஒரு அட்டைப்பெட்டியோடு வந்து நின்றார்.

"என்ன அண்ணாச்சி இது?"

"எக்கோ. மீன் காட்டுத பெட்டி. சின்னது. உங்க கயாக்குக்குன்னு வாங்கினேன்."

வேண்டாம் என்பார், எதற்கு என்பார், கடிந்துகொள்வார் என்று கஸ்பார் வழியெல்லாம் பதில் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். மாஸ்டர் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"நன்றி அண்ணாச்சி. எனக்கு ரொம்ப நாளா இது மேல ஆசை."

அவ்வளவுதான். தயார் செய்த பதிலெல்லாம் கஸ்பாரின் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

இரண்டு பழைய டயர்களின் மேல் கயாக்கைத் தூக்கி வைத்தார்கள். கஸ்பார் சாமான்களை வரிசையாகப் பரப்பினார். திரை, வட்டமான சென்சார், ஒயர், சின்ன பேட்டரி, அதை வைக்க இறுக மூடுகிற ஒரு பிளாஸ்டிக் டப்பா.

"எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது," என்றார் மாஸ்டர். "இன்னைக்கு நீங்கதான் மாஸ்டர். சொல்லுங்க."

கஸ்பார் கூச்சத்தோடு சொன்னார். "இந்த சென்சாரு கீழ சத்தம் அனுப்பும். நம்ம காதுக்குக் கேக்காது. அது தரையில பட்டுத் திரும்பி வரும். வார நேரத்தை வச்சு ஆழம் எவ்வளவுன்னு திரையில போடும். நடுவுல மீன் இருந்தா வளைவா தெரியும். அந்த இடத்தைக் குறிச்சும் வச்சுக்கிடலாம்."

"கயாக்குல எத்தனை ஓட்டை போடணும்?"

"ஒண்ணே ஒண்ணு. மேல்பக்கம். ஒயர் போறதுக்கு."

மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "போடுங்க. நான் பாக்க மாட்டேன்."

டிரில் சத்தம் ஓய்ந்த பிறகுதான் திரும்பினார். திரையை வலப்பக்கம் மாட்டலாம் என்று கஸ்பார் குறித்திருந்தார். மாஸ்டர் கயாக்கில் ஏறி உட்கார்ந்து, தரையிலேயே துடுப்புப் போட்டுப் பார்த்தார். மூன்றாவது வீச்சில் துடுப்பு திரையில் இடித்தது. கால் வைக்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார்கள். அங்கே இடிக்கவில்லை.

சென்சாரை உள்ளே, அடித்தளத்தோடு பசை வைத்து ஒட்ட வேண்டும். கயாக்கின் மூடியைத் திறந்து கஸ்பார் கையை விட்டு ஒட்டினார். மாஸ்டர் சந்தோஷப்பட வேண்டும் என்கிற அவசரம் அவருக்கு. மறுநாள் தண்ணீரில் இறக்கி, பொத்தானை அழுத்தினார்கள். திரை முழுவதும் கோடு கோடாகக் கிறுக்கல். ஆழம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு மினுங்கியது.

"பசைக்குள்ள காத்து நின்னுட்டு," என்றார் கஸ்பார். முகம் செத்துவிட்டது. "காத்து இருந்தா சத்தம் தாண்டாது. என் கையே சரியில்ல மாஸ்டர். இதைத் தூரப் போடுங்க. வேற புதுசு வாங்கித் தாரேன்."

"அண்ணாச்சி, நீங்க விழுந்தப்பல்லாம் நான் வேற கடலா வாங்கித் தந்தேன்?"

கஸ்பாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பிரிச்சு ஒட்டுங்க," என்றார் மாஸ்டர்.

காய்ந்த பசையைச் சுரண்டி எடுக்கவே அரை நாள் ஆயிற்று. இந்த முறை கஸ்பார் அவசரப்படவில்லை. தோள் வரைக்கும் கையைக் கயாக்குக்குள் விட்டு, கன்னத்தை அதன் முதுகில் சாய்த்து, சென்சாரைப் பசைமேல் வைத்து மெல்ல மெல்லத் திருகி அழுத்தினார். ஒரு குமிழிகூட நிற்கக் கூடாது. கை உள்ளே இருந்தது. மாஸ்டரின் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. அதனால்தானோ என்னவோ, அந்த முள் வெளியே வந்துவிட்டது.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க."

"என்னைத் தூக்கிப் போட்டாவள்ல, அந்த வள்ளத்துக்காரவிய. அவிய ஏன் நிக்காமப் போனாவ?"

கஸ்பார் சென்சாரை இன்னொரு தரம் அழுத்தினார்.

"அன்னைக்கு அவிய தொழில் கெட்டுப்போச்சு. என்னால வலையைப் பாதியிலயே இழுத்திருப்பாவ. சவம், இவனால ஒரு நாள் போச்சேன்னு வெறுத்துப்போயிருப்பாவளோ? அதான் ஒரு வார்த்தை சொல்லவிடாமத் திரும்பிட்டாவளோ? நாலு வருஷமா எனக்கு இதுதான் மாஸ்டர். உயிர் இருக்கு. ஆனா வேண்டாவெறுப்பா தூக்கிப் போட்ட உயிரோன்னு இருக்கு."

கையை அசைக்காமல் பதிலுக்குக் காத்திருந்தார்.

"பசை காய எவ்வளவு நேரம் ஆகும்?" என்று மாஸ்டர் கேட்டார்.

"ஒரு ராத்திரி."

"அப்ப நாளைக்குப் பாப்போம்."

பசையைச் சொன்னாரா, கேள்வியைச் சொன்னாரா என்று கஸ்பாருக்கு விளங்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. கஸ்பார் பஸ் ஏறவில்லை. விடிந்ததும் இரண்டு பேரும் இரண்டு கயாக்குகளில் கிளம்பினார்கள். கடல் அன்றைக்கு எண்ணெய் விட்ட மாதிரி கிடந்தது. கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் மாஸ்டர் பொத்தானை அழுத்தினார். திரை ஒரு தரம் மினுங்கி, தெளிந்தது. கீழே தரை ஒரு பழுப்புக் கோடாக ஓடியது. மேலே ஆழம் எழுதியிருந்தது.

"தெரியுது!" என்று மாஸ்டர் கத்தினார். "அண்ணாச்சி, தரை தெரியுது!"

கஸ்பார் தலையை ஆட்டினார்.

மாஸ்டர் திரையைப் பார்த்தபடியே துடுப்புப் போட்டார். தென்கிழக்கே போனார். திரும்பினார். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனார். ஒரு மணி நேரம் அப்படியே போயிற்று. எதையோ தேடுகிறார் என்று கஸ்பாருக்குத் தெரிந்தது. கேட்கவில்லை. திடீரென்று மாஸ்டரின் துடுப்பு நின்றது.

திரையில் தரை படிப்படியாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஆழம் ஆறு பாகம், ஐந்து, நான்கு. உச்சியில் மேடும் பள்ளமுமாகக் கல். கல்லுக்கு மேலே வளைவு வளைவாக மீன்.

"பார்," என்றார் மாஸ்டர். குரல் எழும்பவில்லை. "அண்ணாச்சி, பார் இது."

கடலுக்கடியில் கல் எழும்பி, மீன் கூடுகிற இடம் பார். விசைப்படகுக்காரருக்கு அது வலை கிழிகிற இடம். விலகிப் போகத்தான் கஸ்பாருக்குத் தெரியும். தூண்டில்காரருக்கோ அதுதான் சொத்து. அது இருக்கிற இடத்தை வெளியே சொல்ல மாட்டார்கள்.

"எங்க அப்பா இந்தப் பாரை என் தம்பிமாரு ரெண்டு பேருக்கும் காட்டிக்கொடுத்தாரு," என்றார் மாஸ்டர். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குன்னு எனக்குச் சொல்லல. அவனுவளும் சொல்லல. தென்கிழக்கேன்னு மட்டும் காதுல விழுந்திருக்கு. இருபது வருஷமா இதுக்கு மேலயே போய்ட்டு வந்திருக்கேன், தெரியாம."

தூண்டிலை இறக்கினார். கொஞ்ச நேரம்தான். கயிறு சுண்டியது. அழுத்திச் சுற்றினார். வெயிலில் வெள்ளியும் மஞ்சளுமாக ஒரு விளமீன் மேலே வந்தது. முழங்கை நீளம் இருந்தது. மாஸ்டர் அதை மடியில் போட்டுக்கொண்டு, ஈரக் கையாலேயே கண்ணைத் துடைத்தார்.

"அண்ணாச்சி, நீங்க எனக்கு என்ன செஞ்சிருக்கியன்னு உங்களுக்குத் தெரியாது."

கஸ்பாருக்கு உடம்பெல்லாம் கூசியது. "ஐய, நான் என்ன செஞ்சேன் மாஸ்டர். கடையில விக்கிற பெட்டி."

"இந்த மீன் உங்களுக்கு. முதல் மீன்."

"வேண்டாம், வேண்டாம். வீட்டுல நேத்து வச்ச குழம்பே கிடக்கு."

"சரி. இந்த இடத்தைப் பெட்டியில குறிச்சு வைக்கணும்லா. கஸ்பார் பாருன்னு பேரு போடப்போறேன்."

"என் பேரா? போடாதிய மாஸ்டர். வேற நல்ல பேரா வைங்க."

சொல்லிக்கொண்டே அவர் கயாக்கைத் திருப்பிவிட்டார். மாஸ்டரின் கண்ணில் இன்னும் ஈரம் இருந்தது. அதற்கு எதிரே உட்கார்ந்திருக்க அவரால் முடியவில்லை. நெஞ்சு நிறைந்து போயிருந்தது. இன்னும் ஒரு வார்த்தை கேட்டால் தானும் அழுதுவிடுவோம் என்று தோன்றியது. வேகமாகத் துடுப்புப் போட்டார். போகிற போக்கில் திரும்பிப் பார்க்காமலே ஒரு கையை மட்டும் தூக்கி ஆட்டினார்.

பின்னால் துடுப்புச் சத்தம் கேட்டது. மாஸ்டரின் கயாக் அவரை எட்டிப் பிடித்து, பக்கத்தில் வந்து ஒட்டியது. மாஸ்டரின் கையில் அந்த மீன் இருந்தது.

"எங்க அண்ணாச்சி ஓடுதிய?"

கஸ்பார் கடலைப் பார்த்தபடி சொன்னார். "வெயில் ஏறுதுல்லா மாஸ்டர்."

"அன்னைக்கு அந்த வள்ளத்துக்காரவியளுக்கும் வெயில் ஏறியிருக்கும்."

கஸ்பாரின் துடுப்பு நின்றது. சற்று முன் ஆட்டிய தன் கையை ஒரு தரம் பார்த்தார். பிறகு மீனை வாங்கிக்கொள்ள இரண்டு கையையும் நீட்டினார்.