ஏரிக்குள் இறங்கிய கதவு

முப்பது வருடம் மதகுகள் கட்டி ஓய்வுபெற்ற சிங்கராயர், தன்னைவிட இருபது வயது இளையவரான பேராசிரியர் மெஹருன்னிசாவிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். ஊர் சிரித்தது. கேட்டுத் தெரிந்துகொள்ள வெட்கப்பட்டால் பழைய தப்பையே கடைசிவரை செய்ய வேண்டியதுதான் என்று அவர் சொல்லிவிட்டார்.

ஒருநாள் ஓர் அறிக்கையோடு வந்தார். அவரே கட்டிய ஏரி மதகின் இரும்புக் கதவுக்கு மேலே புது மோட்டார் வைக்கிறார்கள். அது வினாடிக்குப் பன்னிரண்டு முறை அதிரும். கதவின் சொந்த அதிர்வும் அதே எண்ணாக இருந்தால் ஆட்டம் ஏறிக்கொண்டே போய்க் கதவு பிய்ந்துவிடும். கீழே ஒரு தெருவே குடியிருக்கிறது. ஆனால் கதவின் எண் இருபது. ஏரி வற்றிய சித்திரையில் அவரே சுத்தியலால் தட்டி அளந்தது. பயமில்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

"தண்ணி எங்க, சார்?" என்றார் மெஹருன்னிசா.

தண்ணீரின் அழுத்தத்தைச் சேர்த்திருந்த பக்கத்தைச் சிங்கராயர் காட்டினார்.

"மத்தபடி தண்ணி வெளிய கெடக்கறதுதானே, மேடம்."

மெஹருன்னிசா வாதாடவில்லை. மேசைமேல் இருந்த வெண்கலக் கிண்ணத்தை விரல் நுனிகளில் ஏந்தி, கரண்டியால் தட்டினார். கணீரென்றது. ஏசியின் சொட்டுக்கு வைத்திருந்த வாளியில் அதை மிதக்கவிட்டு மறுபடி தட்டினார். குரல் இறங்கிவிட்டது.

சிங்கராயர் குனிந்து பார்த்தார்.

"உள்ள ஒரு சொட்டுகூட இல்லையே."

"இல்ல."

"கனம் ஏறினாத்தானே குரல் இறங்கும்? அப்புறம் எப்படிக் கனத்துச்சு?"

"சுத்தி இருக்கற தண்ணியையும் இழுத்துக்கிட்டுத்தானே, சார், அது ஆடியாகணும்."

அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை. கதவோடு சேர்ந்து ஆடும் தண்ணீரையும் கணக்கில் ஏற்றினார். இருபது இறங்கி, மோட்டாரின் அதே பன்னிரண்டுக்கு வந்து நின்றது. உடனே போன் போட்டு மோட்டார் வேலையை நிறுத்தச் சொன்னார். அறிக்கையை நாலாகக் கிழித்தார். முப்பது வருடத்தில் தெரியாததை ஒரு கிண்ணத்தில் காட்டிவிட்டாரே என்று தன்னைவிட இளைய அந்த ஆசிரியையை மனதாரக் கும்பிட்டார்.

சாயங்காலம் புதுத் தாளும் ஸ்கேலுமாக வந்து நின்றார்.

"படம் போடணும், மேடம். கதவு இங்க முடியுது, தண்ணி இங்க ஆரம்பிக்குதுன்னு கோட்ட எங்க போடட்டும்?"

"அது ஆடாம நிக்கறப்ப போடுங்க, சார்."