பூவாளியில் விழுந்த ஓட்டை

ஊட்டியில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் தகரப் பூவாளி ஒன்று இருந்தது. எதைப் பார்த்தாலும் கேள்வி கேட்கும் குணம் அதற்கு.

மழை சரியாகப் பெய்யாத ஒரு வருஷம். வீட்டுக்காரி பிலோமினா நர்சரியிலிருந்து ஒரு புதுச் செடி வாங்கிவந்து நட்டாள். "குளிர் இறங்கினாத்தான் பூக்குமாம். வாசனை ரோடு வரைக்கும் வருமாம்," என்று கணவர் சூசையிடம் சொன்னாள்.

மற்ற செடியெல்லாம் ஒடுங்கிப்போகும் குளிரில் இது மட்டும் எப்படிப் பூக்கும்? அதைப் பார்க்காமல் பூவாளிக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையும் மாலையும் பிலோமினா சாய்த்தபோதெல்லாம் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் ஊற்றியது.

ஐப்பசியில் இலைகள் மஞ்சளாகின. பிலோமினா பதறிப்போய் மூன்று வேளை ஊற்றினாள்.

"தாகமா?" என்று பூவாளி செடியைக் கேட்டது.

"இல்லையே, நல்லாத்தான் இருக்கேன்," என்றது செடி. குரலே எழும்பவில்லை.

அன்று பகலில் ஒரு மண்புழு தட்டுத்தடுமாறி மேலே வந்தது.

"நீ ஏன் வெயில்ல வந்தே?" என்றது பூவாளி.

"உள்ளே இருக்க முடியலை. ஒரே சேறு. இந்தச் செடியோட வேர் நுனியெல்லாம் அழுக ஆரம்பிச்சாச்சு. யாருப்பா இப்படி ஊத்துறது?"

பூவாளி செடியைப் பார்த்தது. "ஏன் என்கிட்ட சொல்லலை?"

"இவ்வளவு ஆசையாத் தர்றீங்க. வேண்டாம்னு எப்படிச் சொல்றது?"

சாயங்காலம் பிலோமினா பூவாளியைக் குழாயடியில் நிரப்பினாள். இன்னும் ஒரு தடவை ஊற்றினால் செடி தாங்காது. அவளைத் தடுக்கப் பூவாளிக்குக் கையில்லை. இத்தனை வருஷம் இறுக்கிப் பிடித்திருந்த அடித்தகட்டை அது மெல்ல விட்டது. உயிர் போகிற மாதிரி வலித்தது. செடியிடம் போய்ச் சேர்வதற்குள் தண்ணீர் முழுவதும் பாதையில் ஒழுகிவிட்டது.

"ஏங்க, பூவாளி ஓட்டையாயிடுச்சு!"

"வை, ஈயம் பத்த வச்சுட்டு வரேன்," என்றார் சூசை. "அதுக்குள்ள பக்கெட்டுல ஊத்திடாதே. மண்ணு அரிச்சிடும்."

அவருக்கு நேரம் கிடைக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. பூவாளி சுவரோரம் கவிழ்ந்து கிடந்தது. பழைய இரும்பு வாங்குகிறவன் வந்து அதைத் தட்டிப் பார்த்தபோது, 'இனி நான் எதுக்கு?' என்று தன்னையே கேட்டுக்கொண்டது. "அது வேணும்ப்பா, வச்சிடு," என்று சூசை உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

ஒட்டுப் போட்டுத் தோட்டத்துக்குத் திரும்பியபோது மார்கழி. புல்லெல்லாம் உறைபனி. நடுவில் செடி, கிளை நுனியெல்லாம் பூவாக நின்றது. பிலோமினா பக்கத்தில் குந்தி, கண்ணை மூடி மூச்சிழுத்தாள். பிறகு மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். பனி இறங்கி ஈரம் இருந்தது. பூவாளியைத் தொடாமல் எழுந்து போனாள்.

"இந்தக் குளிர்ல எப்படிப் பூத்தே?" என்றது பூவாளி.

"எனக்கும் தெரியலை. வேருக்கு மூச்சு வந்துச்சு, பூவும் வந்துடுச்சு."

நாலாம் நாள் மண் காய்ந்திருந்தது. பிலோமினா பூவாளியைக் கொண்டுவந்து சாய்த்தாள். பூவாளிக்குப் பயமாக இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டது.

பாதிகூடக் காலியாகவில்லை.

"போதும்," என்றது செடி.